இறந்தவளின் கட்சியும் இருப்பவளின் கட்சியும்

யப்பானில் 1997ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி விற்பனைக்கு வந்த காணொளி விளையாட்டு ஒன்றில், பூ விற்கும் பெண்ணொருத்தி கொல்லப்படுகிறாள். அவள் பெயர் ஏரித். அன்று அந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகள் பலருக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயினும் அவளையும் அவளுடைய தோழி டிஃபாவையும் முன்வைத்து எழுந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கதாநாயகன் கிளவுட்டின் மனத்துக்கு உரியவள் செத்துப்போனவளா, உயிரோடு இருப்பவளா என்பதுதான் வழக்கு. பல நாட்டு இரசிகர்களும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், சிலவேளை மெய்யாகவே கோபித்துக்கொள்கிறார்கள். எங்கள் குடும்பத்திலும் கட்சிக்கு ஒருவராக இருவர் உளர். ஐம்பது கடந்த பத்திரிகைக்காரனாகிய நான் இவ்விடயத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்றது அவர்களால்தான்.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபான்டசி 7. பாத்திரமொன்றை ஏற்று, அப்பாத்திரமாகவே பல மணிநேரம் ஊர் ஊராக அலைந்து, போரிட்டு, உரையாடி ஒரு பெருங்கதையைக் கடந்து செல்லும் வகையைச் சேர்ந்தது. மூன்று இறுவட்டுகளில் வந்தது. மிட்கார் என்ற பெருநகரில் ஷின்ரா என்ற மின்சாரக் கம்பனி பூமியின் உயிர்ச்சத்தையே உறிஞ்சி எரிசக்தியாக விற்கிறது. மேல்தட்டில் செல்வர்கள், அடியில் வெயில் படாத சேரிகள். அந்தச் சேரியில், பாழடைந்த தேவாலயமொன்றின் தரையில் பூ வளர்த்து விற்பவள் ஏரித். டிஃபா அதே நகரின் இன்னொரு சேரியில் மதுச்சாலை நடத்துபவள், கிளவுட்டின் ஊர்க்காரி. சிறு வயதில் கிராமத்துத் தண்ணீர்த் தாங்கியின் மேல் அமர்ந்து, ஆபத்து வந்தால் காப்பாற்ற வரவேண்டும் என்று அவனிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டவள்.

விளையாட்டை ஆக்கியவர்கள் ஒரு குறும்பு செய்திருந்தார்கள். ஆடுபவர் தரும் ஒவ்வொரு மறுமொழிக்கும் கண்ணுக்குத் தெரியாமல் புள்ளிகள் சேர்ந்துகொண்டிருக்கும். ஏரித்திடம் ஒரு காசு கொடுத்துப் பூ வாங்கினீர்களா, வாங்கிய பூவை டிஃபாவிடம் கொடுத்தீர்களா, அங்கே நிற்கும் சிறுமியிடம் கொடுத்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் ஏறும். பின்னர் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், அதிக புள்ளி பெற்றவர் கிளவுட்டுடன் மாலையுலா வருவார். ஏரித் வரலாம், டிஃபா வரலாம், யூஃபி என்ற குறும்புக்காரச் சிறுமி வரலாம். மிகவும் பிரயாசைப்பட்டால், ஒரு கையில் துப்பாக்கி பொருத்திய பருத்த உடலினரான பாரெட் வருவார். விளையாட்டின் உள்நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள், தொடக்கத்திலேயே ஏரித்துக்கு 50 புள்ளியும் டிஃபாவுக்கு 30 புள்ளியும் இடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யூஃபிக்குப் பத்து, பாரெட்டுக்குச் சுழியம். ஏரித் கட்சியார் இதை ஆக்கியோனின் வாக்குமூலம் என்றனர். டிஃபா கட்சியாரோ, கள்ளவாக்குப் போட்டும் எங்களவள்தானே கடைசிவரை நிற்கிறாள் என்றனர். தேர்தல் செய்திகளோடு காலம் கழித்த எனக்கு இந்த மொழி நன்றாகவே விளங்கியது.

முதலாவது இறுவட்டின் முடிவில் அந்தக் கொலை நடக்கிறது. பழைய நகரமொன்றில் நீர் சூழ்ந்த மேடையில் ஏரித் முழந்தாளிட்டுப் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறாள். மேலிருந்து இறங்கும் செஃபிரோத்தின் நீண்ட வாள் அவளை ஊடுருவுகிறது. அவள் தலைமுடியில் முடிந்திருந்த மணி கழன்று, படிகளில் துள்ளித் துள்ளி நீரில் விழுகிறது. உடனே ஒரு சண்டை. சண்டைக்குரிய இசை வரவேண்டிய இடத்தில், இசையமைப்பாளர் நொபுவோ உவெமாட்சு அவளுக்கென ஆக்கிய மென்மையான இசையே தொடர்கிறது. பின்னர் கிளவுட் அவளை ஏந்திச் சென்று நீரில் விடுகிறான். திரை இருள்கிறது. இரண்டாவது இறுவட்டை இடுக என்று அறிவிப்பு வருகிறது.

பிள்ளைகளை வதைத்தது இதுதான். அவளை வலுப்படுத்த அவர்கள் பல மணிநேரம் செலவிட்டிருந்தார்கள். அவளுடைய உச்ச வல்லமையைப் பெறுவதற்குச் சுற்றுவழியொன்றில் அலைந்து ஓர் உலோகத்தைத் தேடிப் பெறவேண்டும். அதனைப் பெற்றவர்களுக்கும் அவள் செத்தே போனாள். அவள் அணிந்திருந்த மந்திர மணிகள் பத்திரமாகப் பைக்குத் திரும்பி வந்தன, அவள் வரவில்லை. வீரத் தியாகமாக அல்லாமல், திடீர் இழப்பு விட்டுச்செல்லும் வெறுமையையே காட்ட விரும்பியதாக இயக்குநர் யொஷினோரி கித்தாசே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரசிகர்கள் அதை ஏற்கவில்லை. அவளை உயிர்ப்பிக்க இரகசிய வழியொன்று இருப்பதாக வதந்திகள் பரவின. மூன்றாவது இறுவட்டில் அந்தத் தேவாலயத்துக்குத் திரும்பிப் போனால் பூக்களுக்கிடையே அவள் உருவம் கணநேரம் தோன்றி மறையும். அது போதாதா? பிள்ளைகள் அங்கேயே காத்துக் கிடந்தார்கள்.

இந்த இடத்தில் இரசிகர்களின் புகழ்பெற்ற கேலியொன்றையும் சொல்லவேண்டும். விளையாட்டில் 'பீனிக்ஸ் இறகு' என்று ஒரு பொருள் உண்டு. சண்டையில் வீழ்ந்தவர் மீது அதைப் பிரயோகித்தால் எழுந்துவிடுவார். சாதாரண கடைகளிலேயே கிடைக்கும். பையில் 99 வரை வைத்திருக்கலாம். ஏரித் விழுந்தபோது அதில் ஒன்றை எடுக்க எவருக்கும் ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காத இரசிகர் அரிது.

எங்கள் வீட்டு இருவர் விடயத்துக்கு வருகிறேன். ஏரித் கட்சிக்காரன் என் தமக்கையின் மகன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனம் ஒரே இரவில் பெயர்ந்தபோது அவனுக்கு ஏழு வயது. தாயும் அவனும் 1997இல் கனடாவைச் சென்றடைந்தார்கள். ஆசிரியராயிருந்த தகப்பனார் வன்னியில் தங்கிவிட்டார். 1998இல் காய்ச்சல் கண்டு, உரிய மருந்து கிடைக்காமல் இறந்துபோனார். செய்தி கடிதமாகத்தான் ஸ்கார்பறோவுக்குப் போனது. அது போய்ச் சேர்ந்தபோது காடாற்றி மூன்று வாரமாகியிருந்தது. இரண்டு வருடங்களுக்குப் பின்னர் அக்கா பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். டிஃபா கட்சிக்காரி என் தம்பியின் மகள், அவனுக்கு ஐந்து வயது இளையவள், வெள்ளவத்தையில் வளர்ந்தவள். சிநேகிதி ஒருத்தியிடம் இரவல் வாங்கிக் கணினியில் ஆடியவள். முறைக்கு மச்சானும் மச்சாளும். பத்து வருடங்களுக்கு மேலாகத் தொலைபேசியில் இந்த வழக்கை நடத்தியவர்கள், 2024 டிசம்பரில் குடும்பக் கலியாணமொன்றுக்காகக் கொழும்பில் நேருக்கு நேர் சந்தித்தார்கள். மூன்று இரவுகள் விறாந்தையில் வழக்கு நடந்தது. நடுவர் கதிரையில் என்னை இருத்தினார்கள்.

"மச்சான், அவ உங்கட ஆளில்லை, சாக்கின்ர ஆள். அவவே சொல்லிப்போட்டா, நீ அவனைப் போல இருக்கிறாய் எண்டு," என்று பெறாமகள் தொடங்கினாள். விடயமறியாதவர்களுக்காக: கிளவுட் தன்னைப் பெரிய படைவீரன் என்று நம்பியிருந்தான். உண்மையில் அவன் சாதாரண காவற்படையாள். படைவீரனாயிருந்து இறந்த சாக் என்ற நண்பனின் நினைவுகளைத் தன்னுடையவை என்று மனம் குழம்பி எடுத்துக்கொண்டவன். அந்தச் சாக்தான் ஏரித்தின் முதற்காதலன். ஆகவே ஏரித் நேசித்தது கிளவுட்டையா, கிளவுட்டின் மேல் விழுந்த சாக்கின் நிழலையா? 2005இல் வந்த திரைப்படத்தில் இறந்த ஏரித் சாக்கோடுதான் தோன்றுகிறாள் என்பதும் டிஃபா கட்சியின் சான்று.

மருமகன் இலேசில் விடுபவனல்லன். கேளிக்கைப் பூங்காவில் அந்தரத்தில் ஓடும் கூண்டில் அமர்ந்து, முதலில் அவனைத்தான் உன்னில் கண்டேன், ஆனால் நீ வேறு ஆள், உண்மையான உன்னைத்தான் தேடுகிறேன் என்ற கருத்தில் அவள் பேசுவதை எடுத்துக்காட்டினான். எல்லாரும் கிளவுட்டின் பொய்யை நம்பிய வேளையில், அது பொய் என்று உணர்ந்தவள் அவள் ஒருத்தியே என்றான். பிறகு எதிர்த்தாக்குதல்: "உங்கட டிஃபா என்ன செய்தவ? கிளவுட் தன்ர கதையைப் பிழையாச் சொல்லேக்க வாயை மூடிக்கொண்டு இருந்தவ. அண்டைக்கு அந்த இடத்தில அவன் இல்லையெண்டு அவவுக்குத் தெரியும்."

இது கனமான குற்றச்சாட்டு. பெறாமகளும் மறுக்கவில்லை. டிஃபா பயந்தாள், உண்மையைச் சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று பயந்து, சாட்சி தானாக இருந்தும் பேசாதிருந்தாள். ஆனால் பின்னர் கிளவுட் மெய்யாகவே உடைந்து, பேச்சற்றுச் சக்கர நாற்காலியில் கிடந்தபோது எவர் அருகே இருந்தார் என்று அவள் கேட்டாள். இருவரும் உயிர்ச்சத்தின் பெருக்கில் விழுந்து, அவன் மனத்தின் உள்ளே போகிறார்கள். அங்கே டிஃபா தன் நினைவைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னால் அது அவளுடைய நினைவாகிவிடும். அவன் சொல்லாதவரை அவள் அறிந்திராத ஒன்றை அவன் தானாக நினைவுகூரும்வரை காத்திருக்கிறாள். அதன்பிறகே அவன் அவனென்று இருவருக்கும் நிச்சயமாகிறது. செய்தியொன்றை உறுதிப்படுத்தும் முறையும் இதுவே. சாட்சியின் வாயில் சொல்லைத் திணிக்கக்கூடாது என்று ஆசிரியபீடத்தில் எத்தனை இளைஞருக்குச் சொல்லியிருப்பேன். இந்த ஒரு காட்சிக்காக, நடுவர் என்ற முறையில் நான் டிஃபாவின் பக்கம் தீர்ப்பளித்தேன். மருமகன் நடுவரை மாற்றவேண்டும் என்றான். கனடாவிலிருந்து வந்திருந்த அவன் மனைவி உள்ளேயிருந்து, "எனக்கு முந்தி வீட்டுக்கு வந்தவ அவதான், நான் ஒண்டும் கதைக்கேலாது," என்றாள்.

இப்படிக் கட்சிகட்டி வாதாடுவது தமிழருக்குப் புதிதன்று. கோவில் திருவிழாக்களில் கண்ணகியா மாதவியா, கர்ணனா அருச்சுனனா என்று விடிய விடியப் பட்டிமன்றம் கேட்டவர்கள் நாங்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பட்டிமன்றத்தில் வாதிடுபவர் கோவலனாக இருந்து பார்த்தவரல்லர். இந்தப் பிள்ளைகள் கிளவுட்டாக அறுபது, எழுபது மணிநேரம் இருந்து பார்த்தவர்கள். பூவை யாரிடம் கொடுத்தது என்பது அவர்களுக்குக் கதையன்று. தாங்கள் செய்த காரியம். ஆதலால் ஒருவருடைய சான்று மற்றவருக்குச் செல்லாது. இறுதிப் போருக்கு முந்திய இரவில் கிளவுட்டும் டிஃபாவும் தனித்திருக்கும் காட்சிகூட, சேர்ந்த புள்ளிகளுக்கேற்ப இரு விதமாக அமைகிறது. இருவரும் இருவேறு இரவுகளைக் கண்டிருக்கிறார்கள். வழக்கு எப்படி முடியும்?

மூன்று இரவும் நான் ஒன்றைக் கவனித்தேன். ஏரித் கட்சியை மடக்கக் கிடைக்கும் எல்லாக் கேலிகளையும் பெறாமகள் எடுத்தாள். அவள் விற்ற பூவின் விலையைக்கூடப் பரிகசித்தாள். பீனிக்ஸ் இறகை மட்டும் எடுக்கவில்லை. வேறு சிநேகிதரோடு பேசும்போது அவள் அந்தக் கேலியைச் சொல்லி உருண்டு சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். மருமகன் முன் ஒருபோதும் இல்லை. இதை நான் அவளிடம் கேட்கவுமில்லை.

மருமகனிடம் ஒரு பழைய நினைவட்டை இருக்கிறது, நெருப்புப்பெட்டியிலும் சிறியது. அதில் 15 இடங்கள். அவற்றுள் ஒன்றில், அந்தப் பழைய நகரத்துக்குப் போவதற்கு முந்திய கட்டத்தில் விளையாட்டை நிறுத்திச் சேமித்து வைத்திருக்கிறான். அதைத் திறந்தால் ஏரித் அணியில் நிற்பாள். இத்தகைய சேமிப்பை அழியாமல் காப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். அவன் முழு விளையாட்டையும் பலமுறை ஆடி முடித்தவன். ஆயினும் அந்த ஓர் இடத்தை அழித்ததில்லை. "திறந்து பார்ப்பியோ?" என்று கேட்டேன். "இல்லை மாமா. கிடக்கட்டும்," என்றான். மரண அறிவித்தல்களைப் பக்கத்துக்குப் பக்கம் அளந்து அடுக்கிய தொழில் என்னுடையது. காலையில் அச்சாகும், மாலையில் பொட்டலம் சுற்றப்படும்.

ஆக்கியவர்கள் இப்போது இக்கதையை மூன்று பாகங்களாக மீள எழுதுகிறார்கள். முதலாவது 2020 ஏப்ரலில் வந்தது. இரண்டாவதான 'ரீபேர்த்' 2024 பெப்ரவரி 29இல் வந்தது. இரண்டாவதின் முடிவில் அதே மேடை, அதே வாள். இம்முறை கிளவுட் வாளைத் தட்டிவிடுகிறான். அடுத்த கணம் குருதி தெரிகிறது. தோழர்கள் அழுகிறார்கள், கிளவுட்டின் கண்ணுக்கு மட்டும் அவள் நின்று சிரித்துப் பேசுகிறாள். பிழைத்தாள் என்று ஒரு கட்சியும், அவன் மீண்டும் மனம் குழம்பிவிட்டான் என்று மறு கட்சியும் அன்றே தொடங்கிவிட்டன.

"அவள் இருக்கிறாள்," என்றான் மருமகன்.

"நீங்கள் மட்டும்தான் காணுறியள், மச்சான்," என்றாள் பெறாமகள். கேலியாகத்தான் சொன்னாள், குரல் தணிந்திருந்தது. அவன் சிரித்தான். பிறகு மூன்றாம் பாகத்துக்குப் பந்தயம் வைத்தார்கள். ஏரித் மெய்யாகவே பிழைத்திருந்தால் அவள் நண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கவேண்டும். இல்லையேல் அவன் கொழும்புக்கு மறுபடி வந்து, சந்தையில் நண்டு வாங்கி, தானே உடைத்துச் சமைக்கவேண்டும். எப்படி முடிந்தாலும் அவன் வந்தேயாக வேண்டும் என்பதை, விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் அவன் கவனித்தான்.