மகன் கேட்ட மதுக்கலம்

1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உழுது பிழைப்பதற்கென ஏற்பட்ட குடியிருப்பு, நாங்கள் வாழும் வைட்ஃபீல்ட். இன்றோ கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் மலிந்த பகுதி. உரிமம் பெற்ற உணவுக் கூடங்கள் சிலவற்றில் பீரை அங்கேயே காய்ச்சி வழங்குகின்றனர். அத்தகைய கூடம் ஒன்றிற்குச் சென்று வந்த எங்கள் மகன், இரவு உணவின்போது, "அப்பா, வீட்டிலேயே பீர் காய்ச்சும் சாதனம் ஒன்று வாங்கலாமென்றிருக்கிறேன்" என்றான். எங்களுள் ஒருவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் யாரென்று அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

எங்கள் தந்தையர் காலமாயின் பேச்சு அத்துடன் நின்றிருக்கும். நாங்கள் அவ்வாறு நிறுத்த விரும்பவில்லை. இன்று கேட்டுச் செய்ய முனையும் பிள்ளையை அதட்டினால், நாளை அவன் கேளாமலே செய்வான்.

ஆயினும் சட்டம் ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் 1965-ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரித்தல் குற்றம். சாதனத்தை விலைக்கு வாங்க முடிகிறது என்பதனாலேயே காய்ச்சவும் அனுமதி உண்டென்று கொள்ளலாகாது. இதைச் சொன்னதும் மகன் சற்றே வாடினான். ஆனால் அவனுக்கு அடுத்த மாதம் முதல் இங்கிலாந்தில் இரண்டாண்டுப் பணி. அந்நாட்டில் 1963 முதல் சொந்த உபயோகத்திற்குப் பீர் காய்ச்ச உரிமம் வேண்டுவதில்லை, விற்பதுதான் கூடாது. எனவே அங்கு சென்று வாங்குவதென இசைந்தோம். எதை வாங்குவது என்பதை மூவருமாக அமர்ந்து ஆராய்ந்தோம். அயல்நாட்டில் பிள்ளைகளை உடையோர்க்கு அது பயன்படக்கூடும்.

முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட், நீர் ஆகிய நான்குமே பீர். தானியத்தை ஊறவைத்துச் சாறிறக்கும் வேலை புதியவர்க்குக் கடினம். ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சிய மால்ட் பாகு டப்பாவுடன் வரும் சாதனமே முதன்முறைக்கு ஏற்றது. 23 லிட்டர் வாளிதான் அங்கு வழக்கம். நாங்களோ ஐந்து லிட்டர்க் கலமே போதுமென்றோம். கெட்டாலும் நட்டம் சிறிது; நன்றாக அமைந்தாலும் குடிப்பது சிறிது! (பின்னதே எங்கள் உள்நோக்கம் என்பதை மகன் உடனே கண்டுகொண்டான்.)

மூடியில், கரியமிலவாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாதிருக்கவும் நீர் நிறைந்த வளைகுழல் இருத்தல் வேண்டும். கிருமிநீக்கித் தூளும் இன்றியமையாதது. பிளாஸ்டிக் கலத்தைக் கம்பிச்சுருளால் தேய்த்தால் கீறல்களில் கிருமி தங்கிவிடும்.

விலை குறைந்த சாதனங்கள் சிலவற்றில் ஹைட்ரோமீட்டர் இருப்பதில்லை. அத்தகையதை வாங்கினால் அக்கருவியைத் தனியே வாங்கியே தீரவேண்டும். பாலில் நீர் கலந்துள்ளதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு இது. சர்க்கரை மதுவாக மாற மாற, தொடக்கத்தில் 1.040 அளவில் நின்ற கணக்கு 1.010 வரை இறங்கும். இரண்டு மூன்று நாள் ஒரே கணக்குக் காட்டினால்தான் புளிப்பு முடிந்ததாகப் பொருள். அதற்குமுன் புட்டியில் அடைத்தால் வாயு மிகுந்து புட்டி வெடித்துக் கண்ணாடி சிதறும். இட்லி மாவு பொங்கி வழிந்தால் துடைத்துவிடலாம், இது அப்படியன்று.

ஏல் வகை ஈஸ்டுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு டிகிரி வெப்பம் உகந்தது. எங்கள் ஊர் மார்கழிக்கு அது பொருந்தும். இங்கிலாந்தின் குளிருக்குக் கலத்தைக் கம்பளியால் சுற்ற வேண்டியிருக்கும். பழைய கம்பளி ஒன்று அவனுடைய பெட்டிக்குள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர், அன்று கரண்டியைக் கீழே வைத்தவரே.