காத்துக்கு வழி விடுங்க

வண்டி சூடுன்னு சொன்னா முதல்ல வர்ற வைத்தியம், பெண்ட் பைப்பில் ஹீட் ராப் சுத்துறது. காலுக்கு நல்லதுதான். ஆனா எஞ்சின் அதனால் குளிராது. மழையில் ஈரம் பிடிச்சு பைப் துருப்பிடிக்கும்.

அப்பாவோட பழைய 350 சிசி வண்டிக்கும் மெக்கானிக் அண்ணன் அதைத்தான் சொன்னார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிக்கிறதுக்குள்ள அப்பாவுக்கு வலது கால் வெந்துடும். அதனாலேயே வித்துடலாம்னு இருந்தார்.

ஏர்-கூல்டு எஞ்சினுக்குக் காத்துதான் எல்லாம். மலையில் வேகம் கம்மி, லோடு ஜாஸ்தி. வர்ற கொஞ்சக் காத்தையும் கிராஷ் கார்டில் கட்டிய டெண்ட், தண்ணி கேன், ரெண்டு பெரிய லைட் மறைச்சா? ஃபின்களுக்கு நடுவில் வருஷக்கணக்கான சேறு வேற. லக்கேஜைப் பின்னாடி மாத்தினேன், லைட்டைக் கழட்டினேன், சேற்றை பிரஷ் போட்டுக் கழுவினேன். ஆயில் குறைஞ்சிருந்தது, ஊத்தினேன். ஸ்பார்க் பிளக் வெள்ளையா இருந்தது, அதாவது பெட்ரோல் பத்தல. கார்புரேட்டர் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தினோம்.

ஹார்லி டேவிட்சனின் சில மாடல்கள் ரொம்ப சூடானா, ஐடிலில் பின் சிலிண்டர் தானா வேலையை நிறுத்திடும். நமக்கு இருக்கிறதே ஒரு சிலிண்டர். சிக்னலில் சாவியைத் திருப்ப வேண்டியதுதான்.

இப்பவும் சுடுது, ஆனா பேண்ட்டைத் தாண்டி உறைக்கிறதில்லை. அடுத்து வால்பாறை, 40 வளைவுதானேங்கிறார் அப்பா.