புதிய உணரியும் பழைய மாணவனும்

என் பழைய டேர்போ மோட்டார் வண்டி சென்ற ஆண்டு விரைவு கூட்டுந்தோறும் வலுவிழந்து கரும்புகை கக்கத் தொடங்கிற்று. காற்றளவு உணரியே பழுதென நானே தீர்மானித்துப் புதியதொன்றை வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போயிற்று. கராச்சிற் பூட்டியவன் நம் கல்லூரிப் பழைய மாணவன். என் இலக்கண வகுப்பில் ஒருநாளும் தேறாதவன். புகை நின்றபாடில்லை. "பூட்டவும் தெரியாதவனா நீ?" என்று பலர் முன்னிலையிற் கடிந்தேன்.

அவன் மறுமொழி கூறிலன். டேர்போவின் காற்றுவாயை அடைத்து, அழுத்தக் காற்றைச் செலுத்தி, இணைப்புகளிற் சவர்க்கார நீரைத் தடவினான். இடைக்குளிரூட்டிக்குச் செல்லும் றப்பர்க் குழாயின் அடிப்புறத்திற் குமிழிகள் பொங்கின.

"சேர், உணரியிலுள்ள சூட்டுக்கம்பியை உட்செல்லும் காற்று குளிரச்செய்யும். கம்பியின் சூட்டைக் காக்க வேண்டிய மின்னோட்டத்தைக் கொண்டே காற்றின் நிறை கணிக்கப்படும். கணித்த காற்றிற் பாதி இந்த வெடிப்பால் வெளியே போனாலும் பெற்றோல் முழு அளவில் விழும். அதுதான் கரும்புகை" என்றான். என் வகுப்பில் நான் கேட்டறியாத தெளிவு!

குழாயின் விலை அற்பம். பழைய உணரியைத் திரும்பப் பூட்டியும் வண்டி செவ்வனே ஓடிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தேத்தண்ணி குடியுங்கோ சேர்" என்று தடுத்துவிட்டான். பலர் முன்னிலையிற் கடிந்தமையால், பலர் படிக்கும் இம்மலரில் இதனை எழுதுகிறேன்.