ஆட்டுக்குட்டியும் முகாரியும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பழமொழி. ஆனால் வளைவதற்கு முன்னால் அந்த ஐந்து வயது, ஓரிடத்தில் உட்கார வேண்டுமே! இதை நாங்கள் சென்ற ஆகஸ்டு மாதத்தில் கற்றுக்கொண்டோம்.

தொடக்கப் பிரிவுச் சிறுமிகளுக்குக் கர்நாடக இசையை அறிமுகம் செய்யும் பொறுப்பைச் சகோதரி அவர்கள் பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைத்தார்கள். எங்களுள் பாட்டு வகுப்புக்குச் செல்லும் நால்வர் சுருதிப் பெட்டியுடன் அமர்ந்து, பயபக்தியோடு ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனைகளும் பாடினர். முதல் பாட்டிலேயே ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தாள். இரண்டாவதில் பத்துப் பேருக்குத் தாகம் வந்துவிட்டது. மூன்றாவது முடிந்ததும் கைதட்டல் அரங்கை அதிரச் செய்தது. முடிந்துவிட்டதே என்ற மகிழ்ச்சிதான் காரணம்!

சோர்ந்துபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்களுள் ஒருத்தி தயங்கித் தயங்கி, "எங்க தாத்தாவைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றாள். ஐந்து ஆண்டுகளாக எங்களுடன் படிப்பவள். தாத்தா என்ன செய்கிறார் என்று கேட்டால், "சும்மா வீட்டில இருக்காங்க" என்பாள். அன்றுதான் உண்மையைச் சொன்னாள். அவர் நாற்பது ஆண்டுகள் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வாசிப்பாராம். "கூத்தாடி வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுவீங்களோன்னு மறைச்சுட்டேன்" என்று தலை குனிந்தாள். நாங்களும் தலை குனிந்தோம். அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம் என்று எங்களால் உறுதியாகக் கூற முடியவில்லை.

மறு சனிக்கிழமை தாத்தா வந்தார். எங்கள் பாட்டுப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, பச்சைப் பிள்ளைகளுக்கு ராகத்தோட பேரு எதுக்கு? அதுகளுக்கு அழுகை தெரியும், சிரிப்புத் தெரியும், பயம் தெரியும். அங்க இருந்து தொடங்குங்க" என்றார்.

அவர் சொன்னதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்துத் தருகிறோம். நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), 1918ஆம் ஆண்டில் நம் மதுரையிலேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். நடிகர்கள் சிறுவர்களே. பிற்காலத்தில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு! மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி. யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் சிறுவயதில் பயின்றனர். அக்கால நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டே மிகுதி. பாட்டுகள் கர்நாடக ராகங்களில் அமைந்தவை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டும். கச்சேரிப் பக்கமே போகாத மக்களும், அவர்கள் மடியில் கிடந்த குழந்தைகளும் இப்படித்தான் ராகங்களைக் காதில் வாங்கிக்கொண்டனர்.

ஆனால் அந்தச் சிறுவர்களில் பலர் வீட்டைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தவர்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பாடிவந்த வேடமும் கைவிட்டுப் போகும். அந்தத் துன்பம் நமக்கு வேண்டாம், அந்த வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம்.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வழி தெரிந்தவர்கள் உண்டு. 1936இல் மாஸ்கோ குழந்தைகள் நாடக அரங்குக்காகப் புரோக்கோஃபியேவ் என்ற இசைமேதை 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை அமைத்தார். பறவைக்குப் புல்லாங்குழல், ஓநாய்க்குக் கொம்பு வாத்தியங்கள் என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி. கருவியின் ஒலி கேட்டாலே வருவது யார் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் கருவிக்குப் பதில் ராகத்தை வைத்தோம். நாகமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தி தன் குட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடும் கதை. காலையில் குட்டி துள்ளி விளையாட மோகனம், நரி வர அடாணா, குட்டியைக் காணாமல் அழ முகாரி, கிடைத்த குட்டியை உறங்க வைக்க நீலாம்பரி. பாட்டெல்லாம் நாங்களே எழுதியவை. இருபது நிமிட நாடகத்துக்கு இரண்டு மாத ஒத்திகை. "பொதுத்தேர்வு எழுதும் வருஷத்தில் நாடகம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்று இருவரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெற்றோரைக் குறை கூறவில்லை. அவர்கள் பாட வேண்டியதை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம்.

நவம்பர் 14, குழந்தைகள் தினம். அன்று எவருக்கும் தாகம் எடுக்கவில்லை. நரி மேடை ஏறியதும் "குட்டி, ஓடு! ஓடு!" என்று எண்பது குரல்கள் கத்தின. முகாரியில் அழுதபோது அரங்கில் அமைதி நிலவியது.

நாங்கள் மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. நாடகம் முடிந்து நாங்கள் வேடம் கலைத்துக்கொண்டிருந்தோம். ஆர்மோனியத்தை மூடுவதற்கு முன் தாத்தா தமக்குத் தாமே முகாரியை மெல்ல வாசித்தார். சொல்லும் இல்லை, நடிப்பும் இல்லை. வாசல்வரை போன முதல் வகுப்புக் குழந்தை ஒன்று திரும்ப ஓடிவந்து, "அக்கா, குட்டி மறுபடியும் தொலைஞ்சு போச்சா?" என்றது.

தாத்தாவின் விரல்கள் நின்றன. எங்களைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மோகனத்தை வாசித்தார். "ஓ, கிடைச்சிருச்சு!" என்று சொல்லிவிட்டுக் குழந்தை ஓடிவிட்டது. முகாரி, மோகனம் என்ற பெயர்களே தெரியாத குழந்தை அது!

ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவரை சென்றவள் எங்கள் தோழிதான். மைதானத்தில் பெற்றோர் கூடி நின்றிருந்தனர். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "எங்க தாத்தா. நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவங்க" என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

அன்புப் பெற்றோரே, வரும் பங்குனியில் உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் நடந்தால் தம்பி தங்கையரை அழைத்துச் செல்லுங்கள். நடு இரவில் உங்கள் மடியிலேயே உறங்கிப் போனாலும் பரவாயில்லை. காது உறங்காது.