அம்மா கேட்ட கேள்வி

நான் வளர்ந்த ஊர் ரவாங். நம் நாட்டு மின்சார வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. 1894ஆம் ஆண்டில் கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். சுரங்கம் ஆழமாகத் தோண்டப்படும்போது நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த நீரை இறைக்க அவர்கள் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மலாயாவில் மின்சாரப் பயன்பாடு இப்படித்தான் தொடங்கியது. பத்துமலைக் கோயிலோடு நாம் சேர்த்து நினைக்கும் அதே தம்புசாமிப் பிள்ளைதான் இவர்.

இந்தப் பெருமையெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சிறுவயதில் நான் அறிந்த மின்சாரம், தோட்டத்து லயத்தில் மாலையில் எரிந்து, இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும் விளக்கு மட்டுமே. ரவாங் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எங்களுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்தது. அம்மா ஆசை ஆசையாக ஓர் இஸ்திரிப்பெட்டியும் ஒரு மின்கேத்தலும் வாங்கினார். பிளக் சொருகும் இடமோ அடுப்படியில் ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு நீட்டிப்பு வயரைச் சொருகி, இரண்டையும் அதிலேயே பயன்படுத்தினோம்.

அப்போது நான் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அறிவியல் பாடத்தை மலாய்மொழியில் கற்றோம். ஒரு சோதனையில் இப்படி ஒரு கேள்வி வந்தது: ‘240 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் ஓர் இஸ்திரிப்பெட்டியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுக.’ மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; 240 ÷ 5 = 48 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன்; 240 × 5 = 1200 வாட். முழுப் புள்ளி வாங்கினேன். அந்தத் தாளை அம்மாவிடமும் காட்டினேன்.

அதே வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, நான் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தேநீருக்காகக் கேத்தலில் நீரைக் கொதிக்க வைத்தார். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அம்மா முதலில் சுவர்ச் சுவிட்சை அணைத்தார். பிறகு, நீட்டிப்பு வயரின் பிளக்கைப் பிடுங்கினார். அது அவர் விரல்களைச் சுட்டுவிட்டது. கொப்புளம் கண்ட விரலைத் தண்ணீரில் நனைத்தபடியே கேட்டார்: “நீ கரண்டு பாடம்தானே படிக்கிற? இது ஏன் பாப்பா இப்படிச் சுட்டுச்சு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ‘ஆருஸ்’, ‘ரிந்தாங்கான்’ என்னும் மலாய்ச் சொற்கள் வாயில் வந்தன. அவற்றைத் தமிழில் என்னவென்று சொல்வது? சொல் கிடைத்திருந்தாலும் பொருள் எனக்கே விளங்கியிருக்குமா? முழுப் புள்ளி பெற்ற தாள் மேசைமேல் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை இரு கருவிகளின் அடியிலும் இருந்த தகடுகளைப் பார்த்தேன். இஸ்திரிப்பெட்டி 1200 வாட். சோதனையில் கேட்டிருந்த அதே இஸ்திரிப்பெட்டி! கேத்தல் 2400 வாட். அதை 240ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர். பிளக்கைத் திருப்பினேன். அதில் ‘13’ என்று பொறித்திருந்தது. வரம்பை நாங்களே மீறியிருக்கிறோம். பிளக்கில் உருகி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். சற்றே மிகுந்த மின்னோட்டத்தால் உருகி உடனே அறுந்துவிடாது, நெடுநேரம் தாங்கும்.

இன்னொன்றும் புரிந்தது. எங்கள் பிளக் பழையது, பிடிமானம் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். அது வெறும் 0.2 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே 1 வோல்ட் இழப்பு; 1 × 5 = 5 வாட் வெப்பம். 15 ஆம்பியர் பாய்ந்தால் 3 வோல்ட் இழப்பு; 3 × 15 = 45 வாட். மின்னோட்டம் மூன்று மடங்கானால், வெப்பம் ஒன்பது மடங்கு! பள்ளிப் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் வெப்பம் அந்தச் சிறு பிளக்குக்குள் அடைபட்டிருந்தது.

இதை அம்மாவுக்குத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அவர், “பால் நிறுக்கிற கொட்டகைக்கு ஒரே வாசல். எல்லாரும் வாளியோட ஒரே நேரத்துல நுழைஞ்சா இடிபடத்தானே செய்யும்? அது மாதிரியா?” என்றார். நான் படித்த விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. மறுநாள் முதல் கேத்தல் அணைந்த பிறகே இஸ்திரிப்பெட்டி சூடேறியது. பழைய நீட்டிப்பு வயர் குப்பைக்குப் போனது.

இன்று பாடத்திட்டம் வரைவது என் பணி. ஒவ்வொரு சூத்திரத்தையும் பார்க்கும்போது, சுட்ட விரலோடு நின்ற அம்மா நினைவுக்கு வருகிறார். இப்போது நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் குறிப்பிடப்படுகிறது. கணக்கிடும் முறை மாறவில்லை. மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் கருவிகளின் தகடுகளைப் பாருங்கள். ஒரே பிளக்கில் எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்று கணக்கிடுங்கள். பிறகு, அதை உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டால், உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள்.