காற்று இழுத்த கதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் பழம்பாடல் ஒன்றின் நயத்தை எழுதித் தருவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அதனைச் செய்தற்கு எம்மினும் வல்லார் பலர் பழைய மாணவருள் உளர். நாம் எழுதப் புகுவதோ ஒரு டீசல் பிக்கப்பின் எரிபொருள் ஏற்றும் பம்பியைப் பற்றி. நகைப்புக்கு இடமானதுதான். ஆயினும் அப்பம்பி தொடர்பாக நாம் ஒருவருக்குச் சொன்ன ஆலோசனை இன்றும் எம்மை உறுத்துகின்றது. அவ்வொருவரோ இக்கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். ஆதலின் இதனை இங்கு எழுதுதல் தகும் என்று துணிந்தோம்.

நாம் சில ஆண்டுகள் நெடுந்தீவிலே படிப்பித்தோம். பண்ணைத் தாம்போதி கடந்து, வேலணை கடந்து, மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவு சேர்ந்து, குறிகட்டுவானிற் படகேறினால் ஒரு மணி நேரம் கடலிற் போகவேண்டும். நயினாதீவுக்குச் செல்வோர் கால்மணிப் பொழுதில் இறங்கிவிடுவர். நெடுந்தீவாருக்கு அந்த வசதி இல்லை. உப்பும் சீமெந்தும் மருந்தும் மாப்பொருளும் கடல் கடந்தே வரும். டீசலும் அவ்வாறே வரும். படகை ஓட்டுவதும் டீசல், தீவுக்கு மின்சாரம் தந்த பிறப்பாக்கிகளை ஓட்டியதும் டீசல் என்பதை எண்ணினால், அவ்வெண்ணெய் அங்கே எத்துணை மதிப்புடையது என்பது விளங்கும்.

எமது நண்பர் நெடுந்தீவிலே பெண் எடுத்து அங்கேயே குடியேறியவர். யப்பானிற் செய்த பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார். காலையில் ஐசும் மீனும் ஏற்றுவார். பகலில் வெடியரசன் கோட்டையும் குதிரைகளும் பார்க்க வருவோரைப் பின்பெட்டியில் பலகையிட்டு ஏற்றுவார். இரவில் யாருக்கேனும் நோய் கண்டால், அந்நேரம் காசு பேசாமல் ஏற்றுவார்.

2022 ஆம் ஆண்டு வைகாசியில் அவர் எம்மிடம் ஒரு குறை சொன்னார். தாங்கியில் எண்ணெய் குறைந்தால் எஞ்சின் திணறுகின்றது. சில வேளை நின்றும் விடுகின்றது. வடியின் மேலுள்ள கைப்பம்பியைப் பத்துப் பதினைந்து தரம் அமுக்கினாற் பிறகு ஓடுகின்றது. மின்சாரத்தால் இயங்கும் பம்பி ஒன்றைத் தாங்கியின் அருகே பூட்டினால் நன்று என்று யாரோ சொன்னார்களாம். விலையையும் விசாரித்திருந்தார். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்திருந்தது. உதிரிப்பாகக் கடையிற் சொன்ன விலையைக் கேட்டு நாம் திடுக்கிட்டோம். "ஓடுகிற வண்டிக்கு இப்ப ஏன் செலவு? கையாலே அமுக்கினால் ஓடுதுதானே. விலை இறங்கட்டும்" என்றோம். எஞ்சினைப் பற்றி நாம் அறிந்தது யாதுமில்லை. ஆயினும் ஆசிரியர் சொன்னார் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

யூன் மாத இறுதியிற் பஞ்சம் முற்றியது. 28 ஆம் திகதி தொடக்கம் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. நண்பரின் தாங்கியில் அடிமட்டத்திற் கொஞ்சம் கிடந்தது. வீட்டிலே ஒரு கானில் நாலு லீற்றர் ஒதுக்கி, ஒருவரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்.

அந்த நாட்களில் ஓர் இரவு, மேற்குப் பக்கத்து வீடொன்றில் தலைப்பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த பெண்ணுக்கு உதிரப்போக்குத் தொடங்கியது. செய்தி சொல்ல வந்தவர் சைக்கிளில் வந்தார். நண்பரும் அவர் மாமனாரும் புறப்பட்டனர். அயலிற் குடியிருந்த நாமும் ஏறிக்கொண்டோம். பெண்ணையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலையை நோக்கித் திரும்பினோம். இருமருங்கும் முருகைக்கல் வேலி, நடுவே ஒடுங்கிய பாதை. பாதி வழியில் எஞ்சின் இருமிற்று, நின்றது.

நண்பர் இறங்கிக் கைப்பம்பியை அமுக்கினார். ஓடியது, இருநூறு யார் போய் மீண்டும் நின்றது. மறுபடியும் அமுக்கினார். இம்முறை அதுவுமில்லை. பின்பெட்டியிற் கிடந்த பெண் சத்தமிடவில்லை. அவள் சத்தமிட்டிருந்தால் எமக்கு அத்துணை அச்சம் உண்டாகியிராது. "தம்பி, தள்ளிக்கொண்டு போகேலாதோ?" என்று தாயார் கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. விலை இறங்கட்டும் என்று சொன்ன வாய் அல்லவா அது.

மாமனார் அதுவரை ஒன்றும் பேசாதிருந்தவர். 1990 க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இருந்து வாடகைக் கார் ஓட்டியவர். பெற்றோல் கண்ணிற் காணாத அந்நாளில் ஒரு சிறு போத்தற் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் இம்மலரைப் படிப்போர் பலர் மறந்திரார். அந்தப் பழக்கம் அவர் கையில் இருந்தது. "தாங்கியை விடு. கானை மேலே தூக்கு" என்றார்.

நண்பர் வடிக்கு வரும் குழாயைக் கழற்றினார். எண்ணெய் மாற்ற வைத்திருந்த பிளாஸ்ரிக் குழாயின் ஒரு நுனியை அங்கே செருகினார், மறுநுனி கானுக்குள். மாமனார் வாயால் இழுத்து, வந்த டீசலைத் துப்பிவிட்டு, குழாயைப் பொருத்தினார். எஞ்சின் மூடியை முழுதும் மூடாமற் கயிற்றாற் கட்டினர். கானை உயரத்திற் பிடிக்க ஆள் வேண்டுமே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பெட்டியில் நாம் நின்றோம், கூரைக்கு மேல் இரு கையாலும் கானைத் தாங்கியபடி. எஞ்சின் ஒரே பிடியிற் கிளம்பியது. ஊசிகளிற் போய் எஞ்சிய எண்ணெய் திரும்பு குழாய் வழியே தாங்கிக்கே ஓடிவிடுமாதலால் கான் விரைவாக இலேசாகியது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க நாம் குனியவில்லை. வைத்தியசாலை வாசல்வரை எஞ்சின் நிற்கவில்லை. அங்கிருந்து அப்பெண்ணை அன்றிரவே மாவிலித்துறைக்குக் கொண்டுபோய்ப் படகில் அனுப்பினர். யாழ்ப்பாணத்தில் ஆண் குழந்தை பிறந்தது என்ற செய்தி மறுநாட் பிற்பகல் வந்தது.

இனிப் பம்பிக்கு வருவோம். அந்த இரவு ஒன்றைத் தெளிவாக்கியிருந்தது: எஞ்சினிற் குறை இல்லை, தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட வழியிலேதான் குறை.

டீசல் எஞ்சினில் எண்ணெயை ஊசி வழியே சிலிண்டருக்குட் பீச்சும் பெரிய பம்பி ஒன்று உண்டு. அதனைப் பெருந்தொகையாகச் செய்து உலகுக்கு வழங்கத் தொடங்கியவர் ஜெர்மனியரான றொபேட் பொஷ், ஆண்டு 1927. அப்பெரிய பம்பிக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது ஏற்றும் பம்பியின் வேலை. மெக்கானிக்மார் இதனைப் 'பீட் பம்' என்பர். சில எஞ்சின்களில் அது வெளியே தனியாக இருக்கும். நண்பரின் பிக்கப் போன்றவற்றில் அது பெரிய பம்பியின் வயிற்றுக்குள்ளேயே சிறு தகடுகளாகச் சுழன்று, பின்னாலிருக்கும் தாங்கியிலிருந்து எண்ணெயைத் தானே இழுத்துக்கொள்ளும்.

இழுப்பது என்பதை எமது தோட்டக்காரர் நன்கு அறிவர். துலாவால் இறைத்த காலம் போய் இறைப்பு மெசின் வந்தபின், கிணற்றிற் போட்ட குழாயில் மயிர்க்கீறு போன்ற வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் ஏறாது. "மெசின் காத்து இழுக்குது" என்பர். வெடிப்பிலே ஒரு துளி நீரும் கசியாது, கசிந்தாற் கண்டுபிடித்துவிடலாமே. உள்ளே அமுக்கம் குறைவு, வெளியே வளிமண்டலம் சதுர அங்குலத்திற்கு 14.7 இறாத்தல் வீதம் அமுக்குகின்றது. ஆகவே நீர் வெளியே வாராது, காற்றே உட்புகும். இதைக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் எமது பௌதிக ஆசிரியர் யூ வடிவக் குழாயில் இரசம் விட்டுக் காட்டினார். நண்பர் முன்வரிசையில் நின்று பார்த்தார்; நாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீசலுக்குட் காற்றுப் புகுந்தால் வரும் கேடு பெரிது. எண்ணெய் எளிதில் ஒடுங்காது, காற்று ஒடுங்கும். ஊசி திறப்பதற்குச் சதுர அங்குலத்திற்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் வேண்டும். பம்பி அமுக்கும்போது இடையே குமிழி இருந்தால் அந்தக் குமிழி ஒடுங்கிக் கொடுத்து, ஊசி திறவாமலே போய்விடும். தாங்கியில் மட்டம் இறங்க இறங்க இழுக்க வேண்டிய உயரம் கூடுகின்றது. வெடிப்பும் கூடுதலாகக் காற்றை உறிஞ்சுகின்றது. வைகாசியில் நண்பர் சொன்ன குறை முழுவதும் இவ்வளவே.

எரிபொருள் வரிசைகள் தணிந்தபின் ஒரு சனிக்கிழமை பிக்கப்பைத் தீவிலேயே விட்டுவிட்டு நாமிருவரும் யாழ்ப்பாணம் போனோம். பழைய பாகக் கடையொன்றில் நண்பர் பம்பி ஒன்று வாங்கினார். பெற்றோற் காரிலிருந்து கழற்றியது, பலமானது, மலிவும் கூட. அதனைக் கண்ட வயோதிப மெக்கானிக் ஒருவர் தலையை ஆட்டினார். "மாஸ்ரர், இது நாப்பது இறாத்தல் அடிக்கும். பெரிய பம்பியின்ரை அச்சு 'சீல்' தாங்காது" என்றார். அவ்வெஞ்சினில் அச்சின் முன்னே இறப்பர்ப் பட்டி ஒன்று ஓடுகின்றது. சீல் பழுதாகி டீசல் அதிற் பட்டால் பட்டி ஊறிப் பழுதாகி அறும். அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் அடிபட்டு எஞ்சின் தொலையும். ஐந்து முதல் ஏழு இறாத்தலுக்கு மேற்படாத பம்பியே வேண்டும் என்றார். பலம் கூடியதே மேல் என்று எண்ணிய எமக்கு அது புதிய பாடம். மேலும் ஒன்று சொன்னார்: மின்சாரம் அற்றாலும் தன்னூடே எண்ணெயை இழுக்க விடும் பம்பியாக இருத்தல் வேண்டும், சுழலும் வகைகளிற் சில நின்றால் வழியையே அடைத்துவிடும். ஆகவே 'டிக் டிக்' என்று அடிக்கும் சிறுவகை ஒன்றைத் தேர்ந்தார். கடைக்காரர் பெரிய பம்பியைத் திருப்பி எடுத்தமை நண்பரின் நல்லூழ்.

அடுத்த கிழமை மெக்கானிக் எம்மோடு படகேறி வந்தார். கடற்பயணம் அவருக்கு ஒத்துவரவில்லை. இறங்கியபின் ஒரு மணி நேரம் பூவரச நிழலிற் கிடந்தார். எழுந்தவுடன் முதலிற் செய்தது பம்பி பூட்டுவது அன்று, தாங்கியைக் கழற்றுவது. அதன் அடியிற் கறுத்த சகதி ஒரு செம்பளவு இருந்தது. நீரும் துருவும் மட்டும் அல்ல அது. டீசலின் அடியில் நீர் தங்கினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிப் பாசிபோற் படரும். பஞ்ச காலத்தில் தாங்கியின் அடியைச் சுரண்டி ஓடிய வண்டிகள் எல்லாம் இதையே குடித்தன. கழுவி, வெயிலிற் காயவைத்து, புது வடி போட்டார். பம்பியைத் தாங்கிக்கு அருகே, சட்டகத்தின் உட்புறத்திற் பொருத்தினார். முன்னே ஒரு சிறு வலைவடி. மின்சாரத்தை நேரே கொடாமல், எஞ்சினின் ஒயில் அமுக்க ஆளியின் வழியாக ஒரு றிலே வைத்துக் கொடுத்தார். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பியும் நிற்குமாம். இல்லையேல் அறுந்த குழாயால் எண்ணெய் கொட்டிக்கொண்டே இருக்கும். சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் வேறொரு கம்பியைப் பிடித்தார்.

எஞ்சின் ஓடாதிருக்க, பம்பி மாத்திரம் அடித்தது. நாம் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் சென்றிருக்கும். கைப்பம்பியின் இறப்பர்த் தோலின் ஓரத்தில் டீசல் முத்துமுத்தாக அரும்பியது. சற்றுப் பொறுத்து, தாங்கியை விட்டு வரும் இறப்பர்க் குழாயின் வளைவிலும் ஈரம் தெரிந்தது. இழுக்கும்போது காற்றை உள்ளே விட்டு மறைந்திருந்த வெடிப்புகள், பின்னிருந்து தள்ளியபோது எண்ணெயை வெளியே விட்டுத் தம்மைக் காட்டிக்கொடுத்தன. இதனை வகுப்பறைக்குப் பொருத்திச் சொல்ல எமக்கு மிகுந்த ஆசை உண்டாயிற்று. மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

கைப்பம்பியும் குழாயும் மாற்றப்பட்டன. அதன்பின் ஒரு வாக்குவாதம். கசிவு நீங்கியபின் மின்பம்பி தேவையே இல்லை, பெரிய பம்பி தானே இழுத்துக்கொள்ளும், எஞ்சினைச் செய்தவன் அப்படித்தான் செய்தான் என்பது மெக்கானிக்கின் கட்சி. கழற்ற விடேன் என்பது நண்பரின் கட்சி. எம்மைத் தீர்ப்புக் கேட்டனர். நூல்வழிப் பார்த்தால் மெக்கானிக் சொன்னதே சரி. நூறு ரூபாப் பெறுமதியான இறப்பர்த் தோலுக்காக இத்தனை செலவும் மிகை என்று சொல்லலாம். ஆனால் கராச்சு இருக்கும் ஊரில் இருந்து சொல்லும் சொல் அது. அடுத்த வெடிப்பு உண்டாகும்போது, இருட்டில் அல்லாமற் பகலிலே முற்றத்து மணலில் ஒரு கறை விழுந்து சொல்லுமானால், தீவிலே அதற்கு விலை உண்டு. பூட்டியபடி இருக்கட்டும் என்றோம். எஞ்சினைப் பற்றி நாம் சொன்ன இரண்டாவது ஆலோசனை அது. செலவிற் பாதியை நாம் கொடுக்க முன்வந்தபோது நண்பர் வாங்க மறுத்தார். பற்றரிக்கு என்று சொல்லிப் பிறிதொரு நாள் கொடுத்தோம்.

நாம் இடமாற்றம் பெற்று வந்தபின்னும் ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தீவு போவதுண்டு. பம்பி அடித்துக்கொண்டுதான் இருக்கின்றது. உப்புக் காற்றிற் கம்பி முனைகள் பச்சை பூத்து ஒருமுறை பியூஸ் எரிந்ததாம். இப்போது கிறீஸ் பூசி வைத்திருக்கிறார். அந்தப் பையன் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். பிக்கப்பைக் கண்டால் ஏற்றும்படி அழுவானாம். சென்றமுறை ஆசனத்தின் பின்னே எதையோ தேடியபோது, பழைய கானும் பிளாஸ்ரிக் குழாயும் ஒரு சாக்கிற் சுற்றிக் கிடக்கக் கண்டோம். பம்பிதான் இருக்கிறதே, இது ஏன் என்று கேட்டோம். "மாமா எடுக்க விடுறாரில்லை" என்றார்.