மொட்டு விரியும் முன் ஓடணும்! - மதுரை மல்லியின் ஒருநாள் பயணம்

விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினால், பூ மார்க்கெட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். உள்ளே போனால் மூட்டை மூட்டையாக உதிரிப் பூ. எல்லா வாயிலும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு என்ன ரேட்?"

கல்லூரியில் பாடமாக நடத்தும் சப்ளை செயினை இங்கே இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பொருள் எங்கிருந்து கிளம்புகிறது, யார் கை மாறுகிறது, எங்கே சிக்குகிறது... அவ்வளவுதானே சப்ளை செயின்!

முதல் கண்ணி ராமேஸ்வரம் பக்கம்

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, நாற்று வருவது ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து. அது திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத் தோட்டங்களில் வேர் பிடித்து மல்லியாகிறது.

பொழுது விடியும் முன்பே பறிப்பு தொடங்கிவிடும். தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, பூச்சி பொட்டுக்குப் பயந்துகொண்டே பறிக்கிறார்கள். காரணம், விரியாத மொட்டுக்குத்தான் மவுசு. சாயங்காலம் அது மலர்ந்துவிடும். அதற்குள் தோட்டம், கமிஷன் கடை, சில்லறை வியாபாரி, பூக்கட்டும் பெண்கள் என எல்லாக் கைகளையும் தாண்டியாக வேண்டும். வெளிநாடு போகும் பூ, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் விமானம் ஏறுகிறது.

குடோன் இல்லாத சரக்கு

மேலூர் சாலையில், வெள்ளரிப்பட்டி டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலையில் பைக் டயர் தயாராகிறது. இன்று விற்காத டயர் குடோனில் காத்திருக்கும். விலை சரியில்லை என்றால் உற்பத்தியைக் குறைக்கலாம். மல்லிச் செடியிடம், "நாளைக்குப் பூக்காதே" என்று சொல்ல முடியுமா?

தேவை எப்போது கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் முகூர்த்த நாட்கள் இருக்கின்றனவே! சிக்கல் செடியில். நவம்பர் கடைசியில் கவாத்து செய்த செடி, மார்ச் வாக்கில்தான் நன்றாகப் பூக்கும். தை முகூர்த்தமோ ஜனவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. பனியில் வரத்தும் சுருங்க, கிலோ விலை சில ஆயிரங்களைத் தொடும். ஆனால் அந்த விலைக்கு விற்க, தோட்டத்தில் பூ இருக்காது.

கோடையில் நிலைமை தலைகீழ். பூ கொட்டும், விலை சரியும். பறிப்புக் கூலியாவது தேறுமா என்று விவசாயி கணக்குப் போடுவார்.

கைகொடுக்கும் சென்ட் ஃபேக்டரி

அப்போது உதவுவது வாசனைப் பொருள் ஆலைகள். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் இவை உண்டு. மொட்டு விரிந்து மணம் வெளிப்படும் நேரம் பார்த்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். கரைப்பானைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மெழுகு போன்ற பொருளுக்குப் பெயர் 'கான்க்ரீட்'. ஒரு கிலோ கான்க்ரீட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். பிறகு அதை ஆல்கஹாலில் சுத்தம் செய்தால் வாசனைத் திரவியத்துக்கான சாறு கிடைக்கிறது.

ஒரே நாளில் வாடும் பூ, மாதக்கணக்கில் கெடாத சரக்காக மாறுவது இந்த ஒரு கண்ணியில்தான். தலையில் ஏறாத பூவுக்கும் ஒரு விலை கிடைக்கிறது. ஆனால் அந்த விலை, முகூர்த்த நாள் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் அன்றைய ரேட்டைப் பார்த்து வாங்கலாம், குறைத்து வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். பறித்த பிறகு காத்திருக்க முடியாதவர் விவசாயி மட்டும்தான். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குளிர்பதன வசதியும், கூடுதல் சென்ட் ஆலைகளும் வந்தால், அவர் கையிலும் கொஞ்சம் பேரம் பேசும் பலம் சேரும்.

மதுரை போனால் ஒருநாள் அதிகாலையில் இந்த மார்க்கெட்டுக்கும் போய் வாருங்கள். மூட்டை தூக்கி வருபவர்களுக்கு மட்டும் வழி விட்டு நில்லுங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு!